நடு மடிப்பு

ஜனவரி 2, வியாழன்

பம்பு கம்பெனியில் கணக்கை முடித்துக்கொண்டு வந்தாயிற்று. ஒன்பது வருடம் அங்கே டிராஃப்ட்ஸ்மேன். மோட்டார் மூடி, இறக்கை, போல்ட்டு போகிற ஓட்டை என்று வரைந்த கை இனிமேல் குழந்தைகளுக்குப் படம் வரையப் போகிறது.

சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் முதல் புத்தகத்தை நம்பிக் கொடுத்திருக்கிறது. பெயர் 'குடை போன வழி'. காற்றில் பொன்னி என்ற சிறுமியின் குடை பறந்துவிடுகிறது, அவள் ஊரெல்லாம் துரத்துகிறாள். கதையை எழுதியவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். மொத்தம் எட்டுப் படங்கள். ஒவ்வொன்றும் இரண்டு பக்கத்துக்கும் சேர்ந்தாற்போல விரிகிற பெரிய படம். ஏப்ரல் கடைசிக்குள் அனுப்பினால் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது புத்தகம் வந்துவிடும்.

என் மனைவி பூங்கொடியிடம் சொன்னபோது அவள் நெடுநேரம் யோசிக்கவில்லை. "ஆறு மாசம் பண்ணிப் பாருங்க மாமா. அப்பறம் பேசிக்கலாம்" என்றாள். அவள் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த மாதத்திலிருந்து ராத்திரி டூட்டிக்கு மாற்றி வாங்கிக்கொண்டாள். ராத்திரிதான் அவளுக்குப் பிடிக்குமாம், வார்டு அமைதியாக இருக்குமாம். நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 6, திங்கள்

முதல் வேலை நாள். ஒன்பது மணிக்கு ஹாலில் ஜன்னலோரம் போட்ட மேசை முன்னால் உட்காருவதாகத் திட்டம். குளித்து, சட்டையை இன் பண்ணி, பெல்ட்டும் கட்டினேன். வீட்டில் வேலை பார்க்கிறவன் லுங்கியோடு உட்கார்ந்தால் லுங்கி வேலைதான் வரும் என்பது என் கட்சி.

பென்சில்களைச் சீவினேன். சீவியவற்றைக் கடினமானது, மென்மையானது என்று அடுக்கினேன். பிரஷ்களைக் கழுவினேன். அவை புதியவை, ஆனாலும் கழுவினேன். அதற்குள் கேஸ் சிலிண்டர் வந்தது. பக்கத்து வீட்டுக்கு வந்த கூரியரை வாங்கி வைத்தேன், அங்கே ஆளில்லை.

மதியம் உட்காரலாம் என்றால் பூங்கொடி உள்ளே தூங்குகிறாள். நாற்காலியை இழுத்தால் கிரீச்சென்று கேட்கும். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவளை எழுப்பக் கூடாது என்று மொட்டை மாடிக்குப் போய் யோசித்தேன். யோசிப்பதும் வேலைதான்.

ஜனவரி 10, வெள்ளி

பதிப்பாசிரியர் ஹெலன் மேடம் சென்னையிலிருந்து கூப்பிட்டார். நல்ல மனுஷி, ஆனால் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பேசுகிறார்.

"மயில்சாமி, முதல்ல ஒரு டம்மி பண்ணிடுங்க. வெள்ளைத்தாளை மடிச்சு, பின் அடிச்சு, சின்னப் புத்தகம் மாதிரி. அதுல குச்சி குச்சியா பொம்மை போட்டாப் போதும். போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரம் எது இருக்கோ அதை அனுப்புங்க. பாதியா இருந்தாலும் பரவாயில்லை."

சரிங்க மேடம் என்றேன். போனை வைத்த பிறகு எரிச்சலாக வந்தது. ஒன்பது வருடம் மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்தவன், சென்னையில் இருக்கிற ஒருவருக்குக் குச்சி பொம்மையா அனுப்புவது? கல்யாணப் பெண்ணை யாராவது பாதி சேலையில் மணவறைக்குக் கூட்டிப் போவார்களா? முழுதாக முடித்து அனுப்பினால் அவரே அசந்துபோவார். டம்மியை ஓரமாக வைத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் தலைவர் வெள்ளிங்கிரி ஐயா (போக்குவரத்துக் கழகத்தில் ரிட்டயர் ஆனவர்) எல்லார் முன்னாலும் சொன்னார்: "நம்ம மயில்சாமித் தம்பி எப்பவும் வீட்டுலதான் இருக்காரு. பொறுப்பான ஆளு. அவருகிட்ட குடுத்துட்டா நமக்கு வெசனமில்ல பாருங்க."

மறுத்துப் பேச வாய் வரவில்லை. பேருக்குத்தான் பதவி, மாதம் ஒருநாள் வேலை இருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது. மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கட்டுகிறவனைத் தேடி சிங்காநல்லூர் வரை போனேன். பம்பைப் பற்றி அவனுக்கு நாலு விஷயம் சொல்லிக் கொடுத்ததில் எனக்கே கொஞ்சம் பெருமை. சாயங்காலம் குழாயில் தண்ணீர் வந்ததும் மூன்று வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து நன்றி சொன்னார்கள். ஒரு வீட்டிலிருந்து இனிப்புப் பூரணம் வைத்த ஒப்பிட்டு வந்தது.

படம்: பொன்னியின் ஜடைக்கு ரிப்பனா, பூவா என்று தீர்மானிக்க வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

ரிப்பன்.

பிப்ரவரி 21, வெள்ளி

ஹெலன் மேடம் அழைப்பு வந்தபோது நான் தண்ணீர் லாரிக்கு வழி காட்டிக்கொண்டிருந்தேன். எடுக்க முடியவில்லை. திரும்பக் கூப்பிட நினைத்திருந்தேன். அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது, வேலை நேரம் முடிந்து ஒருவரைத் தொந்தரவு செய்வது முறையல்ல.

பூங்கொடிக்குத் தலைவலி. நாளெல்லாம் தூங்கியும் தலை வலிக்கிறதாம். தைலம் தேய்த்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

மேடம் இன்று போனில் என்னைப் பிடித்துவிட்டார். டம்மி என்ன ஆச்சு என்று கேட்டார். கிட்டத்தட்ட ரெடி மேடம் என்றேன். அது பொய்யென்று சொல்ல முடியாது, மனதுக்குள் ரெடியாகத்தான் இருக்கிறது.

"அதை அனுப்புங்க, நான் பாக்கறேன்."

"கொஞ்சம் சரிபண்ணிட்டு அனுப்பறனுங்க."

"சரிபண்ணாதீங்க, அப்படியே அனுப்புங்க."

தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

மார்ச் 19, புதன்

இந்த வீட்டில் ஒரு மனிதன் நிம்மதியாக வரைய முடியாது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். காலையில் லிஃப்ட் ஆள். பிறகு மேல் வீட்டுக்கு விருந்து வந்த ஒறம்பரை வழி கேட்டார்கள், கொண்டுபோய் விட்டேன். பிறகு காய்கறி, அதை நானாகத்தான் வாங்கப் போனேன் என்றாலும் வீட்டில் தக்காளி இல்லையே. மாலையில் வெள்ளிங்கிரி ஐயா பார்க்கிங்கில் மஞ்சள் கோடு போட வேண்டும் என்றார். பெயின்டர் நாளைக்குத்தான் வருவானாம். நானே போட்டுவிட்டேன். கோடு அத்தனை நேராக வந்தது, எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

எப்போது கேட்டாலும் இல்லையென்று சொல்லத் தெரியாத பிறவி நான். எங்கப்பாவும் இப்படித்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

பூங்கொடி அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். ஊரில் கோவில் நோம்பி, திருவிழாவுக்குப் பத்து நாள் லீவு. "நீங்க வரவேண்டாம் மாமா, உக்காந்து வரைங்க. வீடு காலியாத்தான இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். எதற்காகவோ அந்த வார்த்தை என்னைக் குத்தியது.

ஏப்ரல் 14, திங்கள்

புது வருடம். வீடு காலி. சங்க வேலையும் இல்லை, எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். மேசை முன்னால் உட்கார்ந்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். எழுந்து ஜன்னலைத் திறந்தேன். ஃபேன் காற்று போதவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதல் சாமி வந்தவன் மாதிரி வரைந்துகொண்டிருக்கிறேன். குளிக்கவில்லை, சோறு ஆக்கவில்லை, பன்னும் டீயும்தான். மேசை போதாமல் தரையில் தாளை விரித்து வரைகிறேன். நான்கு படம் முடிந்தது. கலைஞனுக்கு நேரங்காலம் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. அட்டவணை, வெள்ளிக்கிழமை, டம்மி இதெல்லாம் வரையத் தெரியாதவர்கள் வைத்த சட்டம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

எட்டும் முடிந்தது. காற்றில் உருளுகிற சருகு, பேக்கரி பலகையில் சிக்கிய குடை, ஓடுகிற பொன்னி. எனக்கே கண் கலங்கியது. பூங்கொடி ஊரிலிருந்து வந்ததும் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நெம்ப நல்லாருக்குது மாமா" என்று சொல்லிவிட்டு, என் கண்ணைப் பார்த்து, "போய்க் குளிங்க" என்றாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஸ்கேன் எடுத்து எட்டையும் ஒரேயடியாக அனுப்பிவிட்டேன். சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே. இப்போது என்ன சொல்கிறார் பார்க்கலாம்.

ஏப்ரல் 23, புதன்

இன்று நடந்ததை எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கு ஹெலன் மேடம் கூப்பிட்டார். பூங்கொடி அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

"படங்களைப் பார்த்தேன் மயில்சாமி. கலர் ரொம்ப அழகு. அந்தச் சருகெல்லாம் நிஜமாவே பறக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "உங்ககிட்ட பிரிண்ட் இருக்கா? ஒண்ணை எடுத்து சரியா நடுவுல மடிங்க."

மடித்தேன்.

"இப்ப புத்தகம் மாதிரி விரிச்சுப் பிடிங்க. முழுசா விரிக்காதீங்க. தைச்ச புத்தகம் முழுசா விரியாது, நடுவுல கொஞ்சம் உள்ளே போயிடும். இப்ப பொன்னி எங்கே இருக்கா?"

பொன்னி இல்லை. இடது பக்கம் ஒரு காதும் ரிப்பனும், வலது பக்கம் ஒரு காதும் ரிப்பனும். கண், மூக்கு, வாய் எல்லாம் மடிப்புக்குள். அடுத்த படத்தை மடித்தேன். அதிலும் அப்படித்தான். எட்டில் ஆறு படத்தில் அந்தப் பிள்ளையைப் பிடித்து நட்டநடுவில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எனக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. பம்பு வரைகிறவன் தாளை எடுத்ததும் முதலில் மையக்கோடு போடுவான். அந்தக் கோட்டை வைத்துத்தான் இடமும் வலமும் கட்டி எழுப்புவான். ஒன்பது வருடம் அதைச் செய்த கை, யாரையும் கேட்காமல் இங்கேயும் மையக்கோட்டைப் போட்டு அதன்மேல் பொன்னியை நிறுத்திவிட்டது. பம்புக்கு நடு மடிப்பு கிடையாது.

"டம்மியை மடிச்சிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்குமே" என்றார் மேடம். "டம்மி ரெடின்னு சொன்னீங்க இல்லையா?"

பூங்கொடி தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகத்தான் போனாள். அது இன்னும் மோசம்.

மேடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. ஜூனுக்கு இனி முடியாது, அச்சகத்தில் பிடித்த இடத்தை வேறொரு புத்தகத்துக்குக் கொடுக்கிறேன் என்றார். கதை எழுதிய டீச்சர் ஜூனில் வருகிறது என்று தன் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறாராம், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். பாண்டிச்சேரியில் இன்னொரு ஓவியர் இருக்கிறாராம்.

"உங்களை விட எனக்கு மனசில்லை. மே பதினாறு, வெள்ளிக்கிழமை. அன்னைக்குள்ள டம்மி வரணும். அழகா வேண்டாம். முழுசா முடிஞ்சிருக்கவும் வேண்டாம். வந்தா நாம சேர்ந்து பண்ணலாம். வரலைன்னா நான் அவர்கிட்ட குடுத்துடுவேன், அதுக்கப்புறம் தப்பா நினைக்காதீங்க."

மே 2, வெள்ளி

ஆடிட்டருக்குச் சங்கத்தின் பழைய ரசீதுகளை அடுக்கிக் கொடுத்தேன். மூன்று வருடக் குப்பை.

மே 6, செவ்வாய்

பழைய மேனேஜர் போனில் பேசினார். பேச்சுவாக்கில் என் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, மாதக் கடைசி வரை பார்ப்போம் என்றார். நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. பூங்கொடியிடம் சொல்லவில்லை, வீணாக யோசிப்பாள்.

மே 9, வெள்ளி

தாளை மடித்தேன். பின்னும் அடித்தேன். வெள்ளையாக நன்றாகவே இருந்தது.

மே 12, திங்கள்

மேல்நிலைத் தொட்டி கழுவும் ஆட்கள் வந்தார்கள். மேற்பார்வைக்கு மாடியில் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. இருந்தும் ஒரு ஆள் நின்றால்தான் ஒழுங்காகக் கழுவுவார்கள்.

மே 13, செவ்வாய்

தொட்டி வேலை இன்றும். மதியம் சாப்பிடக் கீழே வந்தால் பூங்கொடி தூங்காமல் ஹாலில் உட்கார்ந்திருந்தாள், என் நாற்காலியில்.

"மாமா, ஒண்ணு கேக்கறன். கோவிச்சுக்காதீங்க. எதுக்குப் பயப்படறீங்க?"

"யார் பயப்படறா? தொட்டி கழுவறாங்க அம்மிணி, ஆள் நிக்க வேண்டாமா? நீ தூங்கலையா?"

"பகல்ல எனக்கு எங்கீங்க தூக்கம் வருது. கண்ண மூடிப் படுத்துட்டு சத்தத்தைக் கேட்டுட்டே இருப்பன். நீங்க கதவு தெறக்கறது கேக்கும். படி எறங்கறது கேக்கும். வெள்ளிங்கிரி அய்யாகூடச் சிரிக்கறது கேக்கும். இந்த நாற்காலி நகர்றது மட்டும் கேக்கவே கேக்காது. இன்னிக்காச்சும் கேக்குமான்னு அஞ்சு மாசமாப் பாக்கறன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உன் தூக்கம் கெடுமேன்னுதான் நான் நாற்காலியையே நகத்தாம இருந்தேன்" என்றேன். சொல்லி முடித்ததும் அது எவ்வளவு அபத்தமென்று என் காதிலேயே விழுந்தது. அவள் சிரிக்கவுமில்லை.

"காலையில டூட்டி முடியறப்ப மேனேஜர் வீட்டம்மா செக்கப்புக்கு வந்திருந்தாங்க. நீங்களே போன் பண்ணி வேலை இருக்குதான்னு கேட்டீங்களாமா."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"போறதுன்னாப் போங்க மாமா. நான் ஒண்ணும் சொல்லமாட்டன். ஆனா வரைஞ்சதைக் காட்டிப்போட்டுப் போங்க. யாரும் நல்லால்லீன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்களா எந்திரிச்சு ஓடாதீங்க. கம்பெனில இருக்கையில உங்க படத்துல தெனமும் செவப்புப் பேனாவுல கிறுக்கித் திருப்பி அனுப்புவாங்கன்னு சொல்லுவீங்கல்ல. சிரிச்சுட்டேதான சொல்லுவீங்க?"

"அது பம்பு."

"இது?"

பதில் தெரியும், சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. பம்பு தப்பாக இருந்தால் பம்புதான் தப்பு. பொன்னி தப்பாக இருந்தால் நானே தப்பென்று ஆகிவிடுமே. சிறுவயதிலிருந்து எல்லாரும் இவனுக்குக் கை வரம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அந்த ஒன்றையும் மேசை மேல் வைத்து, இது அப்படியொன்றும் இல்லையே என்று யாராவது சொல்லிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அதற்குத் தொட்டி கழுவுவதே மேல். தொட்டி கழுவினால் தொட்டி சுத்தமாகிவிடும், நாலு பேர் நன்றியும் சொல்வார்கள்.

இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

கை கழுவ எழுந்தபோது அவள் சொன்னாள்: "ஜூன்ல இருந்து பகல் டூட்டிக்கு எழுதிக் குடுத்துட்டனுங்க. உங்க சம்பளம் நிக்குதேன்னுதான் ராத்திரி வாங்குனது. ராத்திரிக்குக் கொஞ்சம் சேத்துக் குடுப்பாங்க. ஆனா எனக்கு ஆகலீங்க, தலவலி நிக்கறதே இல்ல."

"உனக்கு ராத்திரி டூட்டி பிடிக்கும்னு சொன்னியே."

"சொன்னன்" என்றாள்.

மே 14, புதன்

காலையில் முதல் வேலையாக வெள்ளிங்கிரி ஐயா வீட்டுக்குப் போய்ச் சங்கத்துச் சாவிக்கொத்தைக் கொடுத்தேன்.

"ஏனுங் தம்பி, வேலைக்குப் போறீங்களா?"

"வேலை செய்யறனுங்க ஐயா."

"எங்க?"

"வீட்டுலதானுங்க."

"வீட்டுல இருந்துட்டே அப்பறம் என்னங் தம்பி? ஒரு போன் எடுத்துப் பேசறதுதான? லாரிக்காரனுக்கு உங்களைத் தவிர ஆரையும் தெரியாது."

பழைய மயில்சாமியாக இருந்தால் அந்த இடத்தில் கரைந்திருப்பான். லாரிக்காரனுக்கு என்னைத் தவிர யாரையும் தெரியாது என்பதைக் கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னேன்: "ஒம்பதுல இருந்து ஒண்ணு வரைக்கும் நான் ஊர்லயே இல்லைன்னு வச்சுக்கோங்க ஐயா. அதுக்கு மேல கூப்பிடுங்க, வர்றேன்."

அவர் சாவியை வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். மனசுக்கு ஒருமாதிரி இருந்தது. நல்ல பெயரை யாரும் இப்படித் தானாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்தேன். கிரீச்சென்று நாராசமாகக் கேட்டது. உள்ளே அவள் புரண்டு படுத்தாள்.

ஒரு படம் வரைந்தேன், குச்சி பொம்மையாக. பொன்னியை மடிப்பை விட்டு வலது ஓரத்துக்குத் தள்ளினேன். கை பழக்கத்தில் நடுவுக்கே இழுத்தது. தள்ளி நிறுத்தியதும் இடப்பக்கம் முழுக்கக் காலியாகிவிட்டது. அந்தக் காலியைப் பார்த்ததும்தான் காற்று எங்கே இருந்து வருகிறது என்றே எனக்குத் தெரிந்தது. ஏப்ரலில் வரைந்த எட்டுப் படத்திலும் காற்றுக்கு இடமே இல்லை.

மே 15, வியாழன்

ஒன்பதிலிருந்து ஒன்று வரை உட்கார்ந்தேன். சாமி எதுவும் வரவில்லை. சலிப்புத்தான் வந்தது. பன்னிரண்டு மணி வாக்கில் லாரி ஹாரன் கேட்டது. தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தான், வழி தெரியாமல். எழுந்து நின்றுவிட்டேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். யாரோ போய் வழி காட்டியிருக்க வேண்டும், சத்தம் நின்றது. நான் இல்லாமலே தண்ணீர் ஏறிவிட்டது. நிம்மதியும் வருத்தமும் சேர்ந்து வந்தது.

எட்டில் ஐந்து முடிந்தது. எல்லாம் மட்டம். பொன்னிக்கு ஒரு படத்தில் கழுத்தே இல்லை.

மே 16, வெள்ளி

மீதி மூன்றையும் காலையில் போட்டேன். நேரம் நெருங்க நெருங்கக் கோடுகள் இன்னும் கோணலாயின. நான்காம் படத்தில் பேக்கரிக்காரர் கை பலாப்பழம் அளவுக்கு இருக்கிறது. அழித்துத் திருத்த உட்கார்ந்தால் இன்று முழுக்கத் திருத்துவேன், நாளைக்கும் திருத்துவேன், அடுத்த மாதம் மறுபடி பம்பு வரைவேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஒன்றே காலுக்கு ஒவ்வொரு படமாகப் போட்டோ எடுத்தேன். இதில் நிறையத் தப்பு இருக்கிறது மேடம், நேற்று மின்சாரம் வேறு இல்லை என்று ஒரு வரி எழுதினேன். மின்சாரம் இருந்தது. அந்த வரியை அழித்துவிட்டுப் படங்களை மட்டும் அனுப்பினேன்.

பிறகு நடந்தது சொன்னால் சிரிப்பார்கள். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினேன். ஒன்பது வருடம் தினமும் ஒரு படத்தைத் திருத்தத்துக்கு அனுப்பியவன், குச்சி பொம்மைக்காக இப்படிப் பதுங்குகிறேன் என்று எனக்கே அவமானமாக இருந்தது. பூங்கொடி எழுந்து வந்து டீ போட்டாள்.

மூன்று மணிக்குத் தலையணைக்கு அடியில் போன் சத்தம் கேட்டது. அவள்தான் போய்ப் போனை எடுத்துவந்தாள்.

"நீங்க பாக்கறீங்களா, நான் படிக்கட்டுங்களா?"

"படி" என்றேன்.

அவள் படித்தாள்: "நாலாம் படத்துல கை ரொம்பப் பெருசு. மூணாம் படத்துல குடையையே காணோம். மத்தது சரி. மேல போகலாம்."

"அப்பறம்?"

"அவ்வளவுதானுங்க."

போனை வாங்கி நானும் படித்தேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். வேறு ஒன்றுமில்லை. இவன் ஓவியனா இல்லையா, கை வரமா இல்லையா, எதைப் பற்றியும் ஒரு வார்த்தை கிடையாது. கை பெரிது, குடையைக் காணோம். இந்த இரண்டு வரிக்குப் பயந்தா நான் ஜனவரியிலிருந்து தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடினேன்? இதற்குப் பயந்தா அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஜூனில் புத்தகம் இல்லாமல் போயிற்று? இவள் கண்ணில் தூக்கம் இல்லாமல் போயிற்று? அவள் முன்னால் அழுதுவிட்டேன், அவளும் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவள் டம்மியைப் புரட்டிப் பார்த்தாள். மூன்றாம் படத்தில் நிறுத்தினாள்.

"ஏனுங் மாமா, கதையே குடையைப் பத்தித்தான?"

"ஆமா."

"அதைக் காணமே."

"காணோம்தான்" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது.

டீயைக் குடித்துவிட்டு மேசைக்குப் போனேன். வேலை நேரம் முடிந்துவிட்டதுதான், ஆனாலும் இது சின்ன வேலை. ரப்பரை எடுத்து, மூன்றாம் படத்தில் ஒரு மேகத்தை அழித்துக் குடைக்கு இடம் பண்ணினேன்.